யூத மதத்தில் கடவுளின் பெயர்கள்: பொருள் தெரிந்து படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

யூதர்கள் கடவுளை எத்தனை பெயர்களால் அழைக்கிறார்கள் என்று தேடினால் ஒரு இடத்தில் 7 என்று இருக்கும், இன்னொரு இடத்தில் 72 என்று இருக்கும், வேறொரு இடத்தில் ஒரே ஒரு பெயர்தான், மற்றதெல்லாம் அடைமொழி என்று இருக்கும். மூன்றுமே சரி. நான் இதைப் படிக்க ஆரம்பித்தபோது பெயர்களை ஒரு பட்டியலாக எழுதி எதிரில் பொருளையும் எழுதி மனப்பாடம் செய்யப் பார்த்தேன், ஒன்றும் மனதில் நிற்கவில்லை. ஒவ்வொரு பெயரையும் யார், எந்த இடத்தில், என்ன நிலைமையில் சொன்னார்கள், அதை எப்படி உச்சரிக்கிறார்கள் அல்லது ஏன் உச்சரிக்காமல் விடுகிறார்கள் என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் விஷயம் பிடிபட்டது. அந்த வரிசையில்தான் இங்கே சொல்லப் போகிறேன். யூத வேதத்தின் மொழியான எபிரேயம் தெரிய வேண்டியதில்லை. ஒரு தமிழ் பைபிளும் மூன்று கலர் பென்சிலும் போதும்.

முதல் படி: தமிழ் பைபிளிலேயே பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

யூதர்களின் வேதமான தனாக், சீர்திருத்த சபைக் கிறிஸ்தவர்கள் பழைய ஏற்பாடு என்று சொல்லும் அதே நூல்கள்தான், வரிசைதான் வேறு. அதனால் உங்கள் வீட்டில் இருக்கும் பைபிளிலிருந்தே தொடங்கலாம். சீர்திருத்த சபைகளில் வழங்கும் பழைய மொழிபெயர்ப்பு என்றால், பெரும்பாலும் "கர்த்தர்" என்று வருகிற இடத்தில் எபிரேயத்தில் கடவுளின் சொந்தப் பெயரான நான்கு எழுத்துப் பெயர் இருக்கிறது, அதை அடுத்த படியில் பார்ப்போம். "தேவன்" என்று வந்தால் எலோஹீம் அல்லது எல். "ஆண்டவர்" என்று வந்தால் அதோனாய். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு என்றால் கணக்கு மாறும்: அங்கே நான்கு எழுத்துப் பெயருக்குத்தான் "ஆண்டவர்", எலோஹீமுக்குக் "கடவுள்", அதோனாய்க்குத் "தலைவர்". எசேக்கியேல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள், ஒன்றில் "கர்த்தராகிய ஆண்டவர்", மற்றதில் "தலைவராகிய ஆண்டவர்" என்று திரும்பத் திரும்ப வரும். இரண்டுக்கும் மூலம் ஒன்றே.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தையும் இரண்டாம் அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு தேவனுக்கு நீலம், கர்த்தருக்குச் சிவப்பு என்று அடிக்கோடு போடுங்கள். முதல் அதிகாரம் முழுக்க நீலம்தான். இரண்டாம் அதிகாரம் 4ஆம் வசனத்தில் திடீரென்று "தேவனாகிய கர்த்தர்" என்று சிவப்பும் நீலமும் சேர்ந்து வரும். 1753இல் ழான் அஸ்த்ருக் என்ற பிரெஞ்சு மருத்துவர் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டுதான், மோசே இரண்டு பழைய பதிவுகளை இணைத்திருக்கிறார் என்று எழுதினார். நவீன பைபிள் ஆய்வின் ஒரு பெரிய கிளை அங்கிருந்துதான் கிளம்பியது. ஆனால் ரப்பிகள் என்ற யூத வேத ஆசிரியர்கள் இதே வேறுபாட்டை அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முன்பே கவனித்து வேறு மாதிரி பொருள் சொன்னார்கள். எலோஹீம் என்பது நீதி வழங்கும் முகம், நான்கு எழுத்துப் பெயர் இரக்கத்தின் முகம். இதற்கு ரப்பிகளின் வேத விளக்கத் தொகுப்பான மித்ராஷ் ஒரு உவமை சொல்கிறது. ஒரு அரசனிடம் மெல்லிய கண்ணாடிக் கோப்பைகள் இருந்தன. கொதிக்கும் நீரை ஊற்றினால் வெடித்துவிடும், குளிர்ந்த நீரை ஊற்றினால் சுருங்கி விரிசல் விடும். அவன் இரண்டையும் கலந்து ஊற்றினான், கோப்பைகள் நிலைத்தன. நீதியை மட்டும் வைத்துப் படைத்தால் உலகம் நிற்காது, இரக்கத்தை மட்டும் வைத்துப் படைத்தால் பாவம் பெருகிவிடும், ஆகவேதான் அந்த வசனத்தில் இரண்டு பெயரும் சேர்ந்து வருகின்றன என்கிறார்கள்.

இரண்டாம் படி: நான்கு எழுத்துப் பெயரைக் கண்ணால் அறிந்துகொள்ளுங்கள்

யோத், ஹே, வாவ், ஹே. இவைதான் அந்த நான்கு எழுத்துகள், வலமிருந்து இடமாக. தனாக்கில் 6,800 முறைக்கு மேல் வருகிறது, வேறெந்தப் பெயரும் அருகில்கூட வராது. "இரு" என்ற பொருள் தரும் எபிரேய வேர்ச்சொல்லோடு சேர்ந்தது. இருந்தார், இருக்கிறார், இருப்பார் என்ற மூன்று காலமும் இந்த நான்கு எழுத்துக்குள் அடங்கியிருப்பதாக யூத மரபு படிக்கிறது.

இதை எப்படி உச்சரிப்பது என்பதில் ஏன் இவ்வளவு சிக்கல் என்பதற்கு எபிரேய எழுத்து முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அது பெரும்பாலும் மெய்யெழுத்துகளை மட்டுமே எழுதும். தமிழில் "க்ல்" என்று மட்டும் எழுதிவைத்தால் கல்லா, காலா, கோலா என்று படிப்பவர்தான் இடம் பார்த்துச் சொல்ல வேண்டும், அது மாதிரி. பேச்சில் இருக்கும் சொல் என்றால் பிரச்சினை இல்லை. சொல்வதையே நிறுத்திவிட்ட ஒரு பெயருக்கு உயிர் ஒலி எங்கிருந்து வரும்?

கி.பி. ஏழாம் நூற்றாண்டிலிருந்து பத்தாம் நூற்றாண்டு வரை, முக்கியமாகக் கலிலேயாவின் திபேரியாவில் வாழ்ந்த மசோரெட்டுகள் என்ற அறிஞர்கள் எழுத்துகளுக்கு மேலும் கீழும் சிறு புள்ளிகளும் கோடுகளும் வைத்து உயிர் ஒலிகளைப் பதிவு செய்தார்கள். நான்கு எழுத்துப் பெயருக்கு வரும்போது அவர்கள் அதன் சொந்த ஒலியை எழுதவில்லை. "இங்கே அதோனாய் என்று வாசி" என்று நினைவூட்ட, அதோனாய் என்ற சொல்லின் குறிகளை இதன் மேல் வைத்தார்கள். பிற்காலத்தில் கிறிஸ்தவ அறிஞர்கள் ஒரு சொல்லின் மெய்யையும் இன்னொரு சொல்லின் உயிரையும் சேர்த்தே வாசித்தார்கள். யெகோவா என்ற வடிவம் அப்படிப் பிறந்ததுதான். நம்மில் பலர் சுவர்க் காலண்டரிலும் ஞாயிறு பள்ளியிலும் பார்த்து வளர்ந்த பெயர் அது, அதன் மேல் இருக்கும் அன்பு எனக்கும் உண்டு. ஆனால் யூத ஜெப ஆலயத்தில் அந்த ஒலி கேட்காது. கல்வித்துறை நூல்களில் வரும் யாவே என்ற வடிவம் அறிஞர்கள் மீட்டெடுத்த ஊகம், அதையும் பக்தியுள்ள யூதர்கள் வாயில் எடுப்பதில்லை. கத்தோலிக்கத் திருச்சபையும் இந்த உணர்வை மதித்து, வழிபாட்டிலும் பாடல்களிலும் அந்த உச்சரிப்பைத் தவிர்க்கச் சொல்லி 2008இல் கடிதம் அனுப்பியது.

எப்போதுமே இப்படி இருந்ததா? இல்லை. ரூத் புத்தகத்தில் போவாஸ் வயலுக்கு வந்து அறுவடை செய்கிறவர்களுக்கு வணக்கம் சொல்வதே இந்தப் பெயரை வைத்துத்தான். யூதாவின் பழைய கோட்டை நகரமான லாகீசில் 1935இல் தோண்டியெடுத்த மண்பாண்டத் துண்டுகளில், எருசலேம் பாபிலோனிடம் விழுந்த காலத்தை ஒட்டி எழுதப்பட்ட ராணுவக் கடிதங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒரு சாதாரண அதிகாரி தன் மேலதிகாரிக்கு நலம் வாழ்த்தும்போது இந்தப் பெயரைச் சொல்லித்தான் வாழ்த்துகிறார். 1979இல் எருசலேமின் கெதெஃப் இன்னோமில் கிடைத்த இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்களிலும் ஆசாரியர் ஆசீர்வாதத்தோடு இந்தப் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. கழுத்தில் தாயத்து மாதிரி கட்டியிருப்பார்கள். அவ்வளவு நெருக்கமாக, வாயிலும் உடலிலும் இருந்த பெயர் இது.

பிறகு மெல்ல மெல்ல எருசலேம் ஆலயத்துக்குள் ஒதுங்கியது. ரப்பிகளின் பழைய சட்டத் தொகுப்பான மிஷ்னா சொல்கிறபடி, பாவநிவாரண நாளான யோம் கிப்பூரில் பிரதான ஆசாரியர் பாவ அறிக்கை செய்யும்போது அந்தப் பெயரை முழுதாகச் சொல்வார், முற்றத்தில் நிற்கும் மக்கள் அதைக் கேட்டதும் முகங்குப்புற விழுந்து வணங்குவார்கள். கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்த பிறகு அதைச் சொல்ல இடமும் இல்லை, ஆளும் இல்லை. மிஷ்னாவை விவாதித்து விரிக்கும் பெருந்தொகுப்பான தால்முத்தில் ரப்பி தார்ஃபோன் தன் இளமை நினைவு ஒன்றைச் சொல்கிறார்: தாய்மாமனின் பின்னால் ஆசாரியர்களின் மேடைக்கு ஏறிப்போய்க் காதைச் சாய்த்துக் கேட்டாராம், பிரதான ஆசாரியர் மற்ற ஆசாரியர்களின் ராகத்துக்குள் அந்தப் பெயரை அமிழ்த்தி விழுங்கிவிட்டாராம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த காட்சி இதுதான். ஒரு சிறுவன் ஆசையாகக் காதைக் கொடுக்கிறான், பெயர் பாட்டுக்குள் மறைந்துபோகிறது.

மூன்றாம் படி: வாயால் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜெபத்திலும், வேதத்தின் முதல் ஐந்து புத்தகங்களான தோராவின் வாசிப்பிலும் நான்கு எழுத்தைப் பார்க்கும்போது அதோனாய் என்பார்கள். "என் ஆண்டவர்" என்று பொருள். பக்கத்திலேயே அதோனாய் என்ற சொல்லும் எழுதியிருந்தால், இரண்டு முறை சொல்லாமல் நான்கு எழுத்தை எலோஹீம் என்று வாசிப்பார்கள். ஜெபத்துக்கு வெளியே, சாதாரணப் பேச்சில், அதோனாயும் சொல்ல மாட்டார்கள். ஹஷேம் என்பார்கள். "அந்தப் பெயர்" என்றுதான் அதற்கு அர்த்தம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "பாரூக் ஹஷேம்" என்று பதில் வரும், நம் ஊரில் "கடவுள் புண்ணியத்தில நல்லா இருக்கேன்" என்பது போல.

யாத்திராகமம் 3:15இல் "இது என்றைக்கும் என் பெயர்" என்று வருகிறது. அங்கே "என்றைக்கும்" என்ற சொல் ஒரு வாவ் எழுத்துக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது, அப்படி எழுதினால் "மறைத்துவைக்க" என்றும் படிக்கலாம். அதைப் பிடித்துக்கொண்டு தால்முத், "நான் எழுதப்படுகிற மாதிரி வாசிக்கப்படுவதில்லை" என்று கடவுளே சொல்வதாக விளக்குகிறது.

இப்போது உங்கள் கையில் இருக்கும் தமிழ் பைபிளுக்குத் திரும்புங்கள். யூதர்கள் அதோனாய் என்று வாசித்தார்கள், கிரேக்கத்தில் அது "ஆண்டவர்" என்று பொருள்படும் கிரியோஸ் ஆனது, அந்தப் பழக்கத்தின் வழியில்தான் தமிழுக்குக் கர்த்தர் வந்தார். யாத்திராகமம் 6:3 போன்ற சில இடங்களைத் தவிர, பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் அந்தப் பெயரைச் சொல்லாமல்தான் சொல்கிறது. நீங்கள் சிவப்புக் கோடு போட்ட ஒவ்வொரு "கர்த்தருக்கும்" பின்னால் ஒரு யூதரின் மௌனம் இருக்கிறது.

யா என்ற இரண்டு எழுத்துச் சுருக்கமும் உண்டு. அல்லேலூயா என்றால் "யாவைத் துதியுங்கள்". எலியா, ஏசாயா, எரேமியா என்ற பெயர்களின் கடைசியில் இருப்பதும் அதுவே. நெதன்யாகு என்றால் "யா கொடுத்தார்".

நான்காம் படி: முட்செடியின் பதிலை நிதானமாகப் படியுங்கள்

எரியும் முட்செடியிலிருந்து பேசும் கடவுளிடம் மோசே கேட்கிறார், உம்முடைய பெயர் என்ன என்று மக்கள் கேட்டால் நான் என்ன சொல்ல? பதில் மூன்று சொல்: எஹ்யே அஷேர் எஹ்யே. பழைய தமிழில் "இருக்கிறவராக இருக்கிறேன்" என்று போட்டிருக்கிறார்கள், அழகான தமிழ். ஆனால் எஹ்யே என்ற வினை "இருப்பேன்" என்ற எதிர்காலத்தையும் தாங்கும், அதே அதிகாரத்தில் இரண்டு வசனம் முன்னால் "நான் உன்னோடே இருப்பேன்" என்ற இடத்தில் வருவதும் இதே எஹ்யேதான். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்தப் பதிலின் தொனியே மாறிவிடுகிறது. தத்துவ விளக்கமாகத் தெரிந்தது, அடிமையாக இருக்கும் ஒரு கூட்டத்துக்குச் சொல்லும் உறுதிமொழியாகிறது. தால்முத் அப்படித்தான் படிக்கிறது: இந்தத் துன்பத்தில் அவர்களோடு இருப்பேன், இனி வரும் துன்பங்களிலும் இருப்பேன். உடனே மோசே சொல்கிறார், இப்போதைய துன்பமே போதும், வரப்போவதை ஏன் இப்போது சொல்ல வேண்டும்? கடவுள் ஒத்துக்கொண்டு, சரி, "எஹ்யே என்னை அனுப்பினார்" என்று மட்டும் சொல் என்கிறார். வசனத்தின் முதல் பாதியில் இரண்டு எஹ்யேவும் பின்பாதியில் ஒரே எஹ்யேவும் வருவதற்கு அதுதான் காரணமாம்.

இதே இடத்துக்கு யாத்திராகம மித்ராஷ் இன்னொரு விளக்கமும் தருகிறது. என் பெயரையா கேட்கிறாய், என் செயல்களின்படி நான் அழைக்கப்படுகிறேன், தீர்ப்புச் செய்யும்போது எலோஹீம், பொல்லாதவர்களோடு போரிடும்போது ட்ஸெவாவோத், மனிதனின் பாவத்துக்குத் தண்டனையைத் தள்ளிவைக்கும்போது எல் ஷடாய், உலகத்தின் மேல் இரங்கும்போது அந்த நான்கு எழுத்து. இந்த ஒரு பத்தியை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற பெயர்களுக்கெல்லாம் வழி திறந்துவிடும். 12ஆம் நூற்றாண்டில் யூதத் தத்துவ அறிஞர் மைமோனிதிஸ் இதையே தத்துவ மொழியில் சொன்னார்: எல்லாப் பெயர்களும் செயல்களிலிருந்து வந்தவை, நான்கு எழுத்துப் பெயர் மட்டும் விதிவிலக்கு.

ஐந்தாம் படி: எல் குடும்பம்

எல் என்பது எபிரேயம் சேர்ந்த செமித்திய மொழிகளில் கடவுள் என்பதற்கான பழைய பொதுச் சொல். சிரியாவின் உகாரித்தில் 1929 முதல் தோண்டியெடுத்த களிமண் பலகைகளில் எல் என்பது கானானியக் கடவுளர் கூட்டத்தின் தலைவருக்குச் சொந்தப் பெயராகவே வருகிறது. இஸ்ரவேல், தானியேல், சாமுவேல், மிகாவேல், காபிரியேல் எல்லாவற்றின் கடைசியிலும் இருப்பது இதுதான்.

எலோஹீம் 2,500 முறைக்கு மேல் வருகிறது. இலக்கணப்படி பன்மை வடிவம், ஆனால் இஸ்ரவேலின் கடவுளைக் குறிக்கும்போது வினை ஒருமையில்தான் வரும். தமிழருக்கு இது புரியாத விஷயம் இல்லை, ஒரே ஆளை "அவர்" என்றும் "அவர்கள்" என்றும் மரியாதைக்காகச் சொல்கிறோமே. ஒரே வேறுபாடு, நாம் வினையையும் சேர்த்து "வந்தார், வந்தார்கள்" என்று மாற்றுவோம், எபிரேயம் பெயரைப் பன்மையில் வைத்து வினையை "படைத்தான்" என்பது போல ஒருமையிலேயே விட்டுவிடுகிறது. இதே சொல் மற்ற தெய்வங்களுக்கும் வரும், யாத்திராகமம் 22இல் நியாயாதிபதிகளுக்கும் வரும். ஆகவே எலோஹீம் என்று பார்த்தவுடன் முடிவு கட்டாமல் வினையையும் இடத்தையும் பாருங்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. எலோஹீம் கூட்டினால் 86, இயற்கை என்ற பொருள் தரும் "ஹதெவா" என்ற சொல்லும் 86. இயற்கையின் ஒழுங்குக்குள் மறைந்திருக்கும் கடவுள் என்று கபாலா என்ற யூத மறைஞான மரபினர் இதை விரும்பிச் சொல்வார்கள்.

எல் என்பதோடு இன்னொரு சொல் சேர்ந்து வரும் பெயர்கள் தனி அழகு. மெல்கிசேதேக்கின் வாயில் எல் எல்யோன், உன்னதமான தேவன். பெயெர்செபாவில் மரம் நட்டுவிட்டு ஆபிரகாம் அழைப்பது எல் ஓலாம், என்றுமுள்ள தேவன். எனக்கு நெருக்கமானது ஆகாரின் பெயர். அவள் எகிப்திய அடிமைப்பெண், கர்ப்பிணி, எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடிப்போனவள். ஒரு நீரூற்றின் அருகே கடவுளின் தூதர் அவளைப் பேர் சொல்லி அழைக்கிறார். அவள் திரும்பக் கடவுளுக்கு ஒரு பெயர் வைக்கிறாள்: எல் ரொயீ, என்னைக் காண்கிற தேவன். தோராவில் கடவுளுக்கு ஒரு மனிதர் இப்படி நேராகப் பெயர் சூட்டும் முதல் இடம் இது, சூட்டியது ஆபிரகாமும் இல்லை, மோசேயும் இல்லை.

ஆறாம் படி: ஷடாய், ட்ஸெவாவோத்

எல் ஷடாய் என்பதைத் தமிழில் "சர்வவல்லமையுள்ள தேவன்" என்று போட்டிருக்கிறார்கள். வேர் என்ன என்பதில் பல கருத்துகள் உண்டு: மலை என்ற பொருள் தரும் அக்காதியச் சொல், மார்பு என்ற எபிரேயச் சொல், அழித்தல் என்ற வேர். ஆதியாகமத்தில் இந்தப் பெயர் பிள்ளைப்பேறு, பெருக்கம் பற்றிய ஆசீர்வாதங்களோடு திரும்பத் திரும்ப வருவதால் மார்பு என்ற விளக்கத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. ரப்பிகள் "ஷெ" "தாய்" (எபிரேயத்தில் "போதும்") என்று பிரித்து, உலகம் விரிந்துகொண்டே போனபோது "போதும்" என்று சொன்னவர் என்கிறார்கள். ஷடாய் என்ற சொல் மொத்தம் 48 முறை வருகிறது, அதில் 31 யோபு புத்தகத்தில்.

யூத வீட்டு வாசல் நிலையில் சாய்வாகப் பொருத்தியிருக்கும் சின்னக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் மெசூசா. அதன் மேல் பெரும்பாலும் ஷின் என்ற ஒரே எழுத்து இருக்கும், ஷடாயின் முதல் எழுத்து. உள்ளே உபாகமத்தின் இரண்டு பகுதிகள் எழுதிய தோல் சுருள், சுருளின் பின்பக்கம் ஷடாய் என்று முழுதாக எழுதியிருக்கும். "இஸ்ரவேலின் கதவுகளைக் காப்பவர்" என்ற எபிரேயத் தொடரின் முதலெழுத்துகளும் இதே மூன்று எழுத்துகள்தான்.

ட்ஸெவாவோத் என்றால் சேனைகள், "சேனைகளின் கர்த்தர்". தோராவின் ஐந்து புத்தகங்களில் ஒரு முறைகூடக் கடவுளின் பெயராக வராது. 1 சாமுவேலில்தான் முதலில் வருகிறது, அங்கே கடவுளை நேரே பார்த்து அப்படி அழைப்பது பிள்ளையில்லாத அன்னாள். அவளுக்கு முன் யாரும் அவரை அப்படி அழைத்ததில்லை என்கிறது தால்முத். இத்தனை சேனைகளைப் படைத்த உமக்கு எனக்கு ஒரு பிள்ளை கொடுப்பது கஷ்டமா என்று கேட்டாளாம்.

ஏழாம் படி: ரப்பிகள் தந்த பெயர்கள்

ஆலயம் போன பிறகு புதிய பெயர்கள் பெருகின. ஹகாதோஷ் பாரூக் ஹூ, "பரிசுத்தர், அவர் துதிக்கப்படுவாராக". ரிபோனோ ஷெல் ஓலாம், "உலகத்தின் ஆண்டவரே", மனம் கசந்து முறையிடும்போது வாயில் வருவது. அவினு மல்கேனு, "எங்கள் தகப்பனே, எங்கள் அரசனே", மழையில்லாத காலத்தில் ரப்பி அகிவா ஜெபித்ததாகத் தால்முத் சொல்லும் சொற்கள், இன்றும் யூதப் புத்தாண்டிலிருந்து யோம் கிப்பூர் வரையான நாட்களில் சொல்கிறார்கள். ஷெகினா என்பது "தங்கு" என்ற வேரிலிருந்து வந்த பெண்பால் சொல், மக்களோடு தங்கியிருக்கும் கடவுளின் இருப்பு. பைபிளில் இந்தப் பெயர்ச்சொல் இல்லை. மக்கள் சிறைப்பட்டுப் போனபோது ஷெகினாவும் கூடவே போனாள் என்று ரப்பிகள் நம்பினார்கள்.

இவற்றில் ஹமாகோம் என்பதில் கொஞ்சம் நில்லுங்கள். "அந்த இடம்" என்று பொருள். கடவுளை எப்படி இடம் என்று அழைக்க முடியும்? உலகத்துக்கு இடம் அவர், உலகம் அவருக்கு இடமல்ல என்று மித்ராஷ் பதில் சொல்கிறது. துக்க வீட்டில் விடைபெறும்போது ஐரோப்பிய மரபு யூதர்கள் சொல்லும் ஆறுதல் வாக்கியம் இந்தப் பெயரில்தான் தொடங்குகிறது: சீயோனுக்காகவும் எருசலேமுக்காகவும் துக்கப்படுகிற மற்றவர்களோடு சேர்த்து அந்த இடம் உங்களையும் தேற்றட்டும். ஒருவர் இருந்த இடம் காலியாகக் கிடக்கும் வீட்டில் கடவுளை இடம் என்று அழைக்கிறார்கள்.

ஷாலோமும் ஒரு பெயர். கிதியோன் தன் பலிபீடத்துக்கு வைத்த பெயரிலிருந்து இதை எடுத்து, குளியல் கூடத்தில் நின்றுகொண்டு ஒருவருக்கு ஷாலோம் சொல்லக் கூடாது என்று விதி செய்தார்கள்.

எட்டாம் படி: எழுதுவதும் அழிப்பதும்

உபாகமம் 12இல் மற்ற தெய்வங்களின் பெயரை அழித்துப்போடுங்கள், உங்கள் கர்த்தருக்கு அப்படிச் செய்யாதீர்கள் என்று வருகிறது. இதிலிருந்துதான் அழிக்கக் கூடாத ஏழு பெயர்கள் என்ற சட்டம் வந்தது. பட்டியல் நூலுக்கு நூல் சற்று மாறும். நான்கு எழுத்துப் பெயர், அதோனாய், எல், எலோவா, எலோஹீம், ஷடாய், ட்ஸெவாவோத், எஹ்யே ஆகியவை இதில் பேசப்படுபவை. ரப்பி யோசே மட்டும், ட்ஸெவாவோத் இஸ்ரவேலின் சேனையைத்தான் குறிக்கிறது, அழிக்கலாம் என்றார், அவர் கருத்தை ஏற்கவில்லை. இரக்கமுள்ளவர், பெரியவர் போன்ற அடைமொழிகளை அழிக்கலாம். பெயருக்கு முன்னால் ஒட்டிய எழுத்தை அழிக்கலாம், பின்னால் ஒட்டியதை அழிக்கக் கூடாது, ஏனென்றால் பெயர் தன் புனிதத்தை அதற்கும் கொடுத்துவிடுகிறது.

தோரா எழுதுகிறவரை சோஃபர் என்பார்கள். அவர் ஒவ்வொரு முறை பெயரை எழுதும் முன்னும் அதன் புனிதத்துக்காகவே எழுதுகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டிருக்கும்போது இஸ்ரவேலின் அரசனே வந்து நலம் விசாரித்தாலும் பதில் சொல்லக் கூடாது. பெயரில் பிழை வந்துவிட்டால் சுரண்ட முடியாது, அந்தத் தோல் தாளையே எடுத்துவைத்துவிட்டுப் புதிதாக எழுத வேண்டும். சாக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய சுருள்களிலும் இந்தப் பயம் தெரிகிறது. சில சுருள்களில் மற்ற எழுத்தெல்லாம் அன்றைய வடிவத்தில் இருக்க, நான்கு எழுத்துப் பெயர் மட்டும் மிகப் பழைய எழுத்து வடிவத்தில் இருக்கும், சிலவற்றில் பெயருக்குப் பதிலாக நான்கு புள்ளிகள்.

நைந்துபோன ஏடுகளைக் குப்பையில் போடாமல் கெனீசா என்ற அறையில் சேர்த்துவைத்துப் பிறகு புதைப்பார்கள். கெய்ரோவின் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தில் புதைக்காமலே நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்து கிடந்ததை 1896-97இல் சாலமன் ஷெக்டர் என்ற அறிஞர் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். வேத ஏடுகளோடு கணக்குச் சீட்டுகளும் வணிகக் கடிதங்களும் அதில் இருந்தன. 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் தங்கி வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற யூதரைப் பற்றி நமக்குத் தெரிவது அந்தக் குவியலால்தான்.

அன்றாடத்தில் இதைப் பின்பற்றும் வழிகள் எளிமையானவை. குறிப்பு எழுதும்போது ஹே எழுத்தும் ஒரு சின்னக் கோடும் மட்டும் போடுவார்கள். எலோஹீம் என்பதை எலோகீம் என்றும், எல் என்பதைக் கேல் என்றும் மாற்றிச் சொல்வார்கள். எபிரேய எண்களில் 15 என்பதை 10ம் 5ம் என்று எழுதினால் யா வந்துவிடும், 16 என்பதை 10ம் 6ம் என்று எழுதினால் பெயரின் இன்னொரு துண்டு வந்துவிடும், எனவே 9ம் 6ம், 9ம் 7ம் என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் கடவுள் என்ற சொல்லின் நடு எழுத்தை எடுத்துவிட்டுக் கோடு போடுவதும் இந்தப் பயபக்தியின் நீட்சி, சட்டப்படி கட்டாயம் இல்லை. கணினித் திரையில் வரும் பெயர் எழுத்தே இல்லை, அதை நீக்கலாம் என்பது பெரும்பாலான ரப்பிகளின் தீர்ப்பு.

ஆனால் ஒரு இடத்தில் தோராவே இந்தப் பெயரை அழிக்கச் சொல்கிறது. எண்ணாகமம் 5இல் கணவன் மனைவியைச் சந்தேகப்படும்போது செய்யும் சடங்கில், பெயர் எழுதிய ஏட்டைத் தண்ணீரில் கரைக்கிறார்கள். அந்தச் சடங்கே இன்று படிக்க வலிக்கிறது, அந்தப் பெண்ணின் பக்கம் நின்று பார்த்தால் அது பெரிய அவமானம். ரப்பிகள் அதிலிருந்து எடுத்தது இதுதான்: ஒரு வீட்டில் சமாதானம் வரும் என்றால் தன் பரிசுத்தப் பெயர் தண்ணீரில் அழியட்டும் என்று கடவுளே சொல்கிறார்.

ஒன்பதாம் படி: கபாலா பக்கம் எட்டிப் பாருங்கள், அவசரப்படாதீர்கள்

கபாலாவில் கடவுளின் உள்ளியல்பு எய்ன் சோஃப், "முடிவில்லாதது", அதற்குப் பெயரே இல்லை. அதிலிருந்து வெளிப்படும் பத்து தன்மைகளான செஃபிரோத்துக்குத்தான் பெயர்கள்: உச்சிக்கு எஹ்யே, கருணைக்கு எல், வலிமைக்கு எலோஹீம், நடுவில் நான்கு எழுத்து, கடைசியில் அதோனாய். 72 என்ற எண் யாத்திராகமம் 14:19 முதல் 21 வரையுள்ள மூன்று வசனங்களிலிருந்து வருகிறது, ஒவ்வொன்றிலும் சரியாக 72 எழுத்துகள். இவற்றை மந்திரம் மாதிரி விற்கிறவர்கள் இணையத்தில் நிறைய இருக்கிறார்கள், தள்ளியே நில்லுங்கள்.

கடைசிப் படி: மூன்று பயிற்சிகள்

முதலில் சங்கீதம் 91. முதல் இரண்டு வசனத்தில் உன்னதமானவர், சர்வவல்லவர், கர்த்தர், என் தேவன் என்று நான்கு பெயர் வரும். எல்யோன், ஷடாய், நான்கு எழுத்து, எலோஹாய் என்று ஓரத்தில் எழுதிப் பாருங்கள். தூரத்து உயரத்திலிருந்து "என்" என்ற நெருக்கம் வரைக்கும் அந்த இரண்டு வசனம் இறங்கி வருவது தெரியும். 14ஆம் வசனத்தில் "என் நாமத்தை அவன் அறிந்திருக்கிறபடியால்" என்று இருக்கிறது, அறிந்திருப்பதைப் பற்றித்தான் பேச்சு.

அப்புறம் ரூத், நான்கே அதிகாரம். கணவனையும் இரண்டு மகன்களையும் பறிகொடுத்துத் திரும்பி வரும் நகோமி, தன் கசப்பைச் சொல்லும்போது ஷடாய் என்கிறாள். வயலில் போவாஸ் நான்கு எழுத்தைச் சொல்லி வாழ்த்துகிறார். கடைசி அதிகாரத்தில் பிள்ளை பிறந்தபோது பெண்கள் நகோமியிடம் எந்தப் பெயரைச் சொல்லித் துதிக்கிறார்கள் என்று நீங்களே பார்த்து அடிக்கோடு போடுங்கள்.

மூன்றாவது எஸ்தர். பத்து அதிகாரம், பென்சிலுக்கு வேலையே இருக்காது, எபிரேய மூலத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. ஒரு இனத்தையே அழிக்க நாள் குறித்திருக்கும் கதையில் அவர் பெயர் இல்லை. 4:14இல் மொர்தெகாய், நீ மௌனமாயிருந்தால் யூதருக்கு விடுதலை "வேறொரு இடத்திலிருந்து" எழும்பும் என்று எஸ்தருக்குச் சொல்லி அனுப்புகிறான். எபிரேயத்தில் அங்கே இருக்கும் சொல் மாகோம். என் பைபிளில் அந்த ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் மிக லேசாக ஒரு பென்சில் கோடு இருக்கிறது.